மத்திய–மாநில அதிகாரப் பகிர்வு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீட், ஜிஎஸ்டி, ஆளுநர், நிதிப் பங்கு என்று எந்தப் பேச்சு எழுந்தாலும் அதன் அடியில் இருப்பது ஒரே சந்தேகம்தான்: இந்த அதிகாரம் யாருடையது, எப்போது கை மாறியது? திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறோம். எளிதானவை முதலில் வருகின்றன. முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணை மட்டும் காட்டியிருக்கிறோம்.

1. "மத்திய அரசு"ன்னு சொல்லணுமா, "ஒன்றிய அரசு"ன்னு சொல்லணுமா? எது சட்டப்படி சரி?

இரண்டுமே சட்டத்தில் இருக்கும் சொற்கள்தான். அரசமைப்பின் 1-ஆவது பிரிவு இந்தியாவை "மாநிலங்களின் ஒன்றியம்" என்கிறது. பொது விதிகள் சட்டம், 1897, "மத்திய அரசு" என்ற சொல்லுக்கு விளக்கம் தருகிறது. எந்தச் சொல்லைப் பயன்படுத்தினாலும் யாருடைய அதிகாரமும் கூடுவதில்லை, குறைவதில்லை. இந்தப் பக்கத்தில் இரண்டும் வரும்.

2. மூணு பட்டியல் மூணு பட்டியல்னு சொல்றாங்களே, அதை யார் போட்டது? அதுல என்னதான் இருக்கு?

அடித்தளம் 1935-ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். கூட்டாட்சி, மாகாணம், பொது என்ற மூன்று பட்டியல்களும் அதில்தான் முதலில் வந்தன. 1950-இல் அரசமைப்பு அதே அமைப்பை ஏழாவது அட்டவணையாக எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் ஒன்றியப் பட்டியலில் 97, மாநிலப் பட்டியலில் 66, பொதுப் பட்டியலில் 47 இனங்கள் (சட்டம் இயற்றுவதற்கான தலைப்புகள்). பாதுகாப்பு, வெளியுறவு, ரயில், நாணயம் ஆகியவை ஒன்றியத்திடம். காவல், பொதுச் சுகாதாரம், வேளாண்மை, நிலம், உள்ளாட்சி ஆகியவை மாநிலத்திடம். குற்றவியல் சட்டம், திருமணம், தொழிலாளர் நலன், மின்சாரம் போன்றவை இருவருக்கும் பொது.

மூன்றிலும் இல்லாத ஒன்று புதிதாக வந்தால் அது 248-ஆவது பிரிவின்படி ஒன்றியத்துக்குப் போகும். இதற்கு "எஞ்சிய அதிகாரம்" என்று பெயர். அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் எஞ்சியது மாநிலங்களுக்குரியது. இங்கே கனடாவைப் போல நடுவண் அரசுக்குரியது. 1950-இல் இல்லாத எத்தனையோ துறைகள் இன்று இருக்கின்றன. பெரும் சண்டை எதுவும் இல்லாமலே அவற்றில் பல டெல்லிக்குப் போனதற்கு இது ஒரு காரணம்.

3. கல்வி நம்ம கையிலதான் இருந்துச்சாமே. எப்போ போச்சு?

நெருக்கடி நிலைக் காலத்தில். 1976-இல் நிறைவேறிய 42-ஆவது திருத்தம் ஐந்து இனங்களை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது: கல்வி, காடு, வனவிலங்கு–பறவைப் பாதுகாப்பு, எடையளவு, உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றங்களும் நீங்கலான நீதிமன்றங்களின் அமைப்பு. இது 1977 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நெருக்கடி நிலை முடிந்ததும் 44-ஆவது திருத்தம் பலவற்றைச் சரிசெய்தது. இந்த ஐந்தும் மட்டும் திரும்பி வரவில்லை.

பலர் மறந்துவிடும் ஒன்று உண்டு. 1976-க்கு முன்பும் கல்வி முழுக்க முழுக்க மாநிலத்துடையதாக இருந்ததில்லை. ஒன்றியப் பட்டியலின் 66-ஆவது இனம், உயர்கல்வியின் தரத்தை நிர்ணயித்து ஒருங்கிணைக்கும் அதிகாரத்தை 1950-லிருந்தே நாடாளுமன்றத்துக்குத் தந்திருக்கிறது. மருத்துவக் கல்வி வழக்குகளில் ஒன்றிய அரசு முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். எனவே கல்வி நாளைக்கே மாநிலப் பட்டியலுக்குத் திரும்பினாலும், 66 அப்படியே இருக்கும்வரை நீட் தானாகப் போய்விடாது.

4. பொதுப் பட்டியல்னா ரெண்டு பேருக்கும் சம உரிமைதானே? அப்புறம் என்ன பிரச்சினை?

சட்டம் இயற்றும் உரிமை இருவருக்கும் உண்டு. ஆனால் மாநிலச் சட்டமும் மத்தியச் சட்டமும் முட்டிக்கொண்டால், 254(1)-ஆவது பிரிவின்படி முரண்படும் அளவுக்கு மாநிலச் சட்டம் செல்லாது. இதற்கு ஒரு விதிவிலக்கு 254(2). மாநில மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிசீலனைக்கு ஒதுக்கி, அவர் ஒப்புதல் தந்துவிட்டால், அந்த மாநிலத்தில் மட்டும் மாநிலச் சட்டமே செல்லும். அதன் பிறகும் நாடாளுமன்றம் நினைத்தால் புதுச் சட்டம் போட்டு அதைத் தள்ளிவிட முடியும்.

இந்தக் கதவு யாருக்குத் திறக்கும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணங்கள் இருக்கின்றன. தொழிற்கல்விக்கான நுழைவுத் தேர்வை ரத்து செய்த 2006-ஆம் ஆண்டு மசோதாவுக்கு 2007 மார்ச்சில் ஒப்புதல் கிடைத்தது. ஜல்லிக்கட்டுக்கு வழிவிட்ட மிருகவதைத் தடுப்புத் திருத்தம் 2017 ஜனவரியில் சட்டமன்றத்தில் நிறைவேறி, அந்த மாதம் முடிவதற்குள் ஒப்புதல் பெற்றது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதை ஏற்றது. நீட் விலக்கு மசோதாவோ 2021 செப்டம்பரில் நிறைவேறி, ஆளுநரால் திருப்பி அனுப்பப்பட்டு, 2022 பிப்ரவரியில் மறுபடியும் நிறைவேறி, டெல்லிக்குப் போனது. ஒப்புதல் மறுக்கப்பட்ட செய்தி 2025 ஏப்ரலில் வந்தது. மூன்றுக்கும் பிரிவு ஒன்றுதான். குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் அறிவுரைப்படி நடப்பவர் என்பதால், ஒப்புதல் என்பது நடைமுறையில் ஒன்றிய அரசின் அரசியல் முடிவு.

5. பட்டியலைத் திருத்தாமலே அதிகாரத்தை எடுத்துக்க முடியுமா?

முடியும். அதிகம் நடப்பதும் அப்படித்தான். திருத்தம் என்றால் ஊருக்கே தெரியும். இந்த வழிகள் சத்தமில்லாதவை.

மாநிலப் பட்டியலில் சில இனங்களுக்கு வாலில் ஒரு நிபந்தனை உண்டு. சுரங்கத்தையும் தொழிலையும் மாநிலத்துக்குத் தரும் 23, 24-ஆவது இனங்களைப் பாருங்கள். "ஒன்றியப் பட்டியலில் சொன்னதற்கு உட்பட்டு" என்று இருக்கும். அங்கே போய்ப் பார்த்தால், பொது நலனுக்காக ஒன்றியக் கட்டுப்பாடு தேவை என்று நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு வரி அறிவித்தால் போதும் என்று இருக்கிறது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் 1951-இல் தொழில்கள் வளர்ச்சி–ஒழுங்குமுறைச் சட்டமும், 1957-இல் சுரங்கங்கள்–கனிமங்கள் சட்டமும் வந்தன. பட்டியலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இன்னும் சில வழிகள்: மாநிலங்களவை மூன்றில் இரண்டு பங்கு ஆதரவுடன் தீர்மானம் போடுவது (249), இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்கள் தாமே கேட்டுக்கொள்வது (252), பன்னாட்டு ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது (253). இவற்றில் 252 ஒரு பொறி. 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அப்படிப் பிறந்ததுதான். ஒருமுறை கேட்டுக் கொடுத்துவிட்டால், அந்தச் சட்டத்தை மாற்றவோ நீக்கவோ நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். கேட்ட மாநிலத்தால் முடியாது.

6. விவசாயம் மாநிலப் பட்டியல்ல இருக்கே, அப்புறம் எப்படி 2020-ல மூணு வேளாண் சட்டம் வந்துச்சு?

1954-இல் போட்ட ஒரு விதை 2020-இல் முளைத்தது. அந்த ஆண்டின் 3-ஆவது திருத்தம் பொதுப் பட்டியலின் 33-ஆவது இனத்தை விரிவாக்கி, உணவுப் பொருள், கால்நடைத் தீவனம், பருத்தி, சணல் ஆகியவற்றின் வணிகத்தையும் உற்பத்தியையும் விநியோகத்தையும் அதில் சேர்த்தது. பயிரிடுவது மாநில விஷயம், விளைந்ததை விற்பது பொது விஷயம் என்று பிரித்துப் பார்க்க அது இடம் கொடுத்தது. 2020-இன் சட்டங்களுக்கு ஒன்றிய அரசு காட்டிய ஆதாரம் அதுதான். எதிர்த்தவர்கள் வேளாண்மை, சந்தை என்ற மாநில இனங்களைக் காட்டினார்கள். 2021 நவம்பரில் நாடாளுமன்றமே சட்டங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டதால் யார் வாதம் சரி என்பதற்கு இறுதித் தீர்ப்பு வரவில்லை. 33 இன்னும் அங்கேயே இருக்கிறது.

7. அப்போ எல்லாம் டெல்லிப் பக்கமேதான் போகுதா? ஒண்ணாவது திரும்பி வந்திருக்கா?

வந்திருக்கிறது. அண்மையில் வந்த பெரியது கனிம வரி. அதன் தொடக்கமும் தமிழ்நாடுதான். சுண்ணாம்புக்கல் எடுப்பவர்கள் அரசுக்குக் கட்டும் உரிமத்தொகையின் (ராயல்டி) மேல் மெட்ராஸ் ஊராட்சிகள் சட்டப்படி மாநில அரசு ஒரு செஸ் (மேல்வரி) விதித்தது. இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் 1989-இல் ஏழு நீதிபதிகள் அமர்வு அதைச் செல்லாது என்றது. உரிமத்தொகையே ஒரு வரி, அதை ஒன்றியச் சட்டம் கட்டுப்படுத்துகிறது, அதன் மேல் மாநிலம் இன்னொன்று போட முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

2004-இல் மேற்கு வங்க வழக்கொன்றில் ஐந்து நீதிபதிகள் அமர்வு வேறொன்று சொன்னது: "உரிமத்தொகை ஒரு வரி" என்ற அந்த வாசகமே எழுத்துப் பிழை, "உரிமத்தொகை மீதான செஸ் ஒரு வரி" என்று இருந்திருக்க வேண்டும். ஏழு பேர் சொன்னதை ஐந்து பேர் பிழை என்று ஒதுக்கலாமா என்ற குழப்பம் 2011-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வுக்குப் போனது. 2024 ஜூலை 25-இல் எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: உரிமத்தொகை வரியல்ல, கனிம உரிமைகளுக்கும் கனிமம் உள்ள நிலத்துக்கும் வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு. 2005 ஏப்ரல் 1 முதலான பழைய பாக்கியையும் கேட்கலாம், ஆனால் 2026 ஏப்ரலிலிருந்து 12 ஆண்டுத் தவணையில்தான் வாங்க வேண்டும் என்று அடுத்த மாதம் உத்தரவானது. தமிழ்நாடு அந்த ஆண்டே கனிம நில வரிச் சட்டம் இயற்றிவிட்டது.

அதே 2024 அக்டோபரில் இன்னோர் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, தொழிற்சாலைச் சாராயத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரமும் மாநிலத்துக்கே என்றது. "போதை தரும் மதுவகை" என்ற மாநில இனத்துக்குள் அதுவும் அடங்கும் என்று பொருள் கொண்டு, இதற்கு மாறாக 1989-இல் வந்திருந்த தீர்ப்பை மாற்றியது. இரண்டு வழக்கிலும் பட்டியலின் வாசகம் பழையதுதான். படித்த விதம்தான் புதிது.

8. முன்னாடி எல்லாம் 356-ஐ வெச்சு ஆட்சியைக் கலைச்சுட்டே இருப்பாங்க. இப்போ ஏன் அவ்வளவா இல்லை?

356-ஆவது பிரிவின்படி தமிழ்நாட்டில் நான்கு முறை குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருக்கிறது: 1976, 1980, 1988, 1991. நாடு முழுக்கப் பார்த்தால், 1977-இல் ஜனதா அரசு ஒன்பது காங்கிரஸ் மாநில அரசுகளைக் கலைத்தது. 1980-இல் இந்திரா காந்தி அரசு பதிலுக்கு ஒன்பது மாநிலங்களைக் கலைத்தது. இதை முறித்தது 1994 மார்ச் 11-இல் வந்த, கர்நாடக முன்னாள் முதல்வர் எஸ்.ஆர். பொம்மை வழக்குத் தீர்ப்பு. பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சட்டமன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், ஆளுநர் மாளிகையில் அல்ல. நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. காரணம் தவறென்றால் நீக்கப்பட்ட அரசை நீதிமன்றமே மீண்டும் அமர்த்தலாம்.

தீர்ப்போடு கூட்டணி அரசியலும் சேர்ந்துகொண்டது. டெல்லி அரசே மாநிலக் கட்சிகளின் தோளில் நின்ற காலம் அது. இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளின் ஒப்புதலும் வேண்டும். 1999-இல் பீகாரில் ஆட்சியைக் கலைத்த வாஜ்பாய் அரசு, மாநிலங்களவையில் எண்ணிக்கை இல்லாததால் ராப்ரி தேவி அரசைத் திரும்ப அமர்த்த நேர்ந்தது. 2016-இல் அருணாசலப் பிரதேசத்தில் உச்ச நீதிமன்றமே பழைய அரசைக் கொண்டுவந்தது.

9. சரி, கலைக்க முடியலைன்னா மசோதாவைக் கிடப்புல போடலாமே? ஆளுநருக்கு எவ்வளவு நாள் கெடு?

அரசமைப்பில் நாள் கணக்கு இல்லை. 200-ஆவது பிரிவில் "இயன்ற விரைவில்" என்றுதான் இருக்கிறது. ஒப்புதல் தரலாம், நிறுத்திவைத்துச் சட்டமன்றத்துக்குத் திருப்பி அனுப்பலாம், குடியரசுத் தலைவருக்கு ஒதுக்கலாம். 2025 ஏப்ரல் 8-இல், தமிழ்நாட்டின் பத்து மசோதாக்கள் தொடர்பான வழக்கில் இரண்டு நீதிபதிகள் அமர்வு கால வரம்பு விதித்து, அந்தப் பத்தும் ஒப்புதல் பெற்றதாகவே கொள்ளப்படும் என்றது.

அதன் பின் குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதில், அதே ஆண்டு நவம்பர் 20-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு நீதிமன்றம் நாள் குறிக்க முடியாது, "ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்வது" என்பதும் கூடாது என்றது. காரணமின்றி நீண்ட காலம் கிடப்பில் போட்டால் "ஏதாவதொரு முடிவெடுங்கள்" என்று மட்டும் நீதிமன்றம் சொல்லலாம். ஆக, கலைப்பதற்கு வேலி உண்டு. தாமதத்துக்கு உள்ள வேலி தாழ்வானது.

10. நாம கட்டுற வரியில நமக்கு எத்தனை பைசா திரும்ப வருது?

ஒற்றை வரிப் பதில்கள் பெரும்பாலும் தவறாகப் போவதற்குக் காரணம், கணக்கு இரண்டு அடுக்காக இருப்பது. முதல் அடுக்கில், ஒன்றிய வரித் தொகுப்பில் மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று நிதிக்குழு சொல்லும். 13-ஆவது குழு 32 விழுக்காடு, 14-ஆவது 42, 15-ஆவது 41 என்றன (ஜம்மு–காஷ்மீர் யூனியன் பிரதேசமானதால் ஒன்று குறைந்தது). இரண்டாவது அடுக்கில் அதை மாநிலங்களுக்குள் பிரிப்பார்கள். தமிழ்நாட்டின் பங்கு 13-ஆவது குழுவில் 4.969, 14-இல் 4.023, 15-இல் 4.079. உத்தரப் பிரதேசத்துக்கு 15-ஆவது குழு தந்தது 17.939.

இங்கே சறுக்கும் இடம் செஸ். செஸ், சர்சார்ஜ் (வரியின் மேல் கூடுதலாகப் போடுவது) இரண்டும் பகிரும் தொகுப்புக்குள் வராது. 15-ஆவது குழுவின் எண்களை வைத்து ஓர் உதாரணக் கணக்கு: ஒன்றியம் 100 ரூபாய் வசூலித்து, அதில் 12 ரூபாய் செஸ், சர்சார்ஜ், வசூல் செலவு என்று கழிந்தால், மீதி 88-இல் 41 விழுக்காடு 36 ரூபாய் 8 காசு. அதில் தமிழ்நாட்டுக்கு 4.079 விழுக்காடு, அதாவது சுமார் 1 ரூபாய் 47 காசு. கழியும் தொகை 12-லிருந்து 18 ஆனால் மாநிலங்களின் மொத்தம் 33 ரூபாய் 62 காசாகும். 41 என்ற எண் அசையாமலே இரண்டரை ரூபாய் குறைந்துவிட்டது. பட்டியலைப் பற்றிப் பேசும் நேரத்தில் பாதியை இந்த எண்ணுக்குத் தரலாம் என்பது எங்கள் கருத்து.

11. 32-லிருந்து 42-க்கு ஏத்துனாங்களே, அப்போ மாநிலங்கள் பணக்காரங்களா ஆகியிருக்கணுமே?

ஒரு கையில் கூடியது, மறு கையில் குறைந்தது. திட்டக்குழு இருந்தவரை 1969 முதல் காட்கில் வாய்ப்பாட்டின்படி திட்ட உதவி வந்தது. 2015-இல் நிதி ஆயோக் வந்தபின் அந்த வழி அடைபட்டது. மத்திய நிதியுதவித் திட்டங்கள் பலவற்றில் விகிதம் 60:40 ஆனது (வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10). திட்டத்தின் பெயரும் நிபந்தனையும் டெல்லியுடையவை, நாற்பது மாநிலத்துடையது. நிபந்தனையை ஏற்காவிட்டால் அறுபதும் நிற்கலாம். பள்ளிக் கல்விக்கான சமக்ர சிக்ஷா திட்ட நிதி தொடர்பாகத் தமிழ்நாடு 2025-இல் உச்ச நீதிமன்றம் போனது இப்படிப்பட்ட தகராறில்தான்.

12. ஜிஎஸ்டி கவுன்சில்ல மாநிலங்களுக்குத்தானே மூணுல ரெண்டு பங்கு ஓட்டு? அப்புறம் ஏன் புலம்பல்?

பங்கு அப்படி, முடிவு அப்படியல்ல. 279அ பிரிவின்படி ஒன்றியத்தின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, மாநிலங்கள் அனைத்துக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. தீர்மானம் நிறைவேற எடையில் நான்கில் மூன்று பங்கு வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒன்று சேர்ந்தாலும் 66.67தான், 75-ஐத் தொடாது. எனவே ஒன்றியத்துக்குத் தனி ஆளாகவே தடுக்கும் சக்தி உண்டு.

28 மாநிலங்கள், டெல்லி, புதுச்சேரி, ஜம்மு–காஷ்மீர் என 31 பேரும் வாக்களித்தால் ஒருவரின் எடை சுமார் 2.15. ஒன்றியம் ஒன்றை நிறைவேற்ற 20 மாநிலங்கள் போதும். அதைத் தடுக்க 12 மாநிலங்கள் கைகோக்க வேண்டும். தமிழ்நாட்டுக்கும் சிக்கிமுக்கும் எடை ஒன்றே. நடைமுறையில் வாக்கெடுப்பு அரிது; முதல் வாக்கெடுப்பு 2019 டிசம்பரில் லாட்டரி வரிக்காக நடந்தது. கவுன்சிலின் பரிந்துரை கட்டாயமல்ல, வலுவான ஆலோசனை மட்டுமே என்று 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ஒரு மாநிலம் தனியாக விகிதத்தை மாற்றினால் மாநிலம் தாண்டிய வணிகத்தில் உள்ளீட்டு வரிக் கணக்கே (வாங்கும்போது கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) சிக்கிக்கொள்ளும். இப்போதைக்கு மாநிலங்கள் கையில் மிச்சமிருக்கும் பெரிய விற்பனை வரிகள் மதுவும் பெட்ரோல், டீசலும்தான்.

13. கல்வியைத் திரும்ப மாநிலப் பட்டியலுக்குக் கொண்டுவர என்ன பண்ணணும்? சட்டமன்றத் தீர்மானம் போதுமா?

போதாது, தீர்மானம் ஒரு கோரிக்கை மட்டுமே. 368-ஆவது பிரிவின்படி இரு அவைகளிலும் தனித்தனியே, மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேலும், வந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கும் ஆதரிக்க வேண்டும். ஏழாவது அட்டவணையைத் தொடுவதால், குறைந்தது பாதி மாநிலங்களின் சட்டமன்றங்களும் ஏற்க வேண்டும். அதன் பிறகே குடியரசுத் தலைவரின் ஒப்புதல். 66-ஆவது இனத்தையும் சேர்த்துத் திருத்தாவிட்டால் பயன் பாதிதான் (கேள்வி 3).

14. பட்டியலைத் தொட பாதி மாநிலம் சம்மதிக்கணும்னா, ஒரு மாநிலத்தையே பிரிக்க அந்த மாநிலம் சம்மதிக்க வேணாமா?

வேண்டாம். பலருக்கு நம்ப முடியாத பதில் இதுதான். 3-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவர் மசோதாவை அந்தச் சட்டமன்றத்துக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டால் போதும். கருத்து எதிராக இருந்தாலும் நாடாளுமன்றம் சாதாரணப் பெரும்பான்மையில் நிறைவேற்றலாம். 2014 ஜனவரியில் ஆந்திரச் சட்டமன்றம் பிரிவினை மசோதாவை நிராகரித்தது. பிப்ரவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஜூன் 2-இல் தெலங்கானா பிறந்தது. 2019-இல் ஜம்மு–காஷ்மீரில் கருத்துக் கேட்கச் சட்டமன்றமே இல்லை. அது ஏற்கெனவே கலைக்கப்பட்டு, மாநிலம் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. அக்டோபர் 31 முதல் ஒரு மாநிலம் இரண்டு யூனியன் பிரதேசங்களாயிற்று.

15. ராஜமன்னார் குழு, சர்க்காரியா, பூஞ்சின்னு இத்தனை குழு போட்டாங்களே, எதாவது நடந்துச்சா?

மூன்றும் மத்திய–மாநில உறவை ஆராய அமைந்தவை. தமிழ்நாடு 1969-இல் அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 356-ஐ நீக்க வேண்டும் என்பது வரை அது போனது, டெல்லி ஏற்கவில்லை. 1983-இல் ஒன்றிய அரசு அமைத்த சர்க்காரியா ஆணையம் மென்மையாகப் பேசியது; 356 கடைசி வழியாக மட்டுமே இருக்க வேண்டும் என்றது. அந்த வரிகள் பொம்மை தீர்ப்பில் எடுத்தாளப்பட்டன. அரசுகள் அலமாரியில் வைத்ததை நீதிபதிகள் எடுத்துப் படித்தார்கள். 2007-இல் அமைந்த பூஞ்சி ஆணையம் ஆளுநர் மசோதாவில் முடிவெடுக்க ஆறு மாதக் கெடு கேட்டது, அது சட்டமாகவில்லை.

சர்க்காரியா பரிந்துரையில் நேராகப் பலித்தது, 1990-இல் வந்த மாநிலங்களுக்கிடையேயான மன்றம். பிரதமரும் முதல்வர்களும் ஒரே மேசையில் உட்காரும் இடம் அது. அதன் பத்தாவது கூட்டம் 2006-இல் நடந்தது. பதினோராவது 2016 ஜூலையில்.